ஒக்கினாவாவில் கார் ஓட்டியது யார்?

சென்ற கோடையில் மனைவியோடு ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக்குப் போயிருந்தேன். அங்கே வாடகைக்குக் கார் எடுத்தோம். என் மனைவி ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவள். ஆனாலும் ஜப்பானில் இடப்பக்கமாக ஓட்ட வேண்டும் என்பதால், "நான் யாழ்ப்பாணத்திலை ஓடிப் பழகினனான், என்னட்டை விடும்" என்று கார்த் திறப்பை வாங்கிக்கொண்டேன்.

கடலுக்கு மேலே போகும் நீண்ட பாலத்தை அழகாகத்தான் கடந்தேன். நகரத்துக் கடைத்தெருவில் திரும்பும்போதுதான் இத்தனை வருட நோர்வேப் பழக்கம் வந்துவிட்டது. வலப்பக்கம் ஏறிவிட்டேன். எதிரே வந்த வான் முட்டுகிற மாதிரி வந்து நின்றது. அதை ஓட்டிவந்த பெண் ஹோர்ன்கூட அடிக்கவில்லை. இறங்கி, மற்ற வாகனங்களை மறித்து, நான் காரைப் பின்னுக்கு எடுக்க உதவினார்.

ஒஸ்லோ திரும்பியதும் ஸ்டோவ்னரில் நண்பர் வீட்டு விருந்தில் பாலத்துப் படங்களைக் காட்டினேன். கதையோடு கதையாக இதையும் சொன்னேன்.

"ஆர் ஓடினது?" என்று நண்பர் கேட்டார்.

"இவதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப இனி உங்கட பஸ்ஸிலை ஏறேலாது அக்கா" என்றார் ஒருவர்.

மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். "ஓம், கொஞ்சம் தடுமாறிட்டன்" என்றுவிட்டு, ரோல்ஸ் தட்டை அவரிடம் நீட்டினாள்.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டிவந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பெல்ட்டைப் போடுங்கோ" என்றாள், வீதியைப் பார்த்தபடி.

நண்பர்கள் இன்றும் அவளைக் கேலி செய்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். அவர்கள் முன்னால் உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இதையாவது வாசிக்கட்டும்.