ஏழு தரம் கழுவிய கை

ஆசுபத்திரி விறாந்தையில் ஒரே வாங்குப் பலகையில் நானும் தவராசாவும் இருந்தோம். அவர் கையில் நாய் கடித்த காயம். என் கையில் நாய் நக்கின வெட்டு. ஒரே நாய். அதை எடுத்துத் தேற்றியது நான். அவருக்குக் கொடுத்ததும் நான்.

நாய் கடித்தவர்களும் அவர்கள் வீட்டாரும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

நான் சாய்ந்தமருதில் மீன் பெட்டி ஏற்றுகிறவன். ரோட்டில் விட்டுப்போன பூனைக்குட்டி, நாய்க்குட்டிகளை வீட்டு வளவில் கொண்டுவந்து வைப்பேன். உண்ணி எடுப்பேன். பூச்சி மருந்து கொடுப்பேன். கயிற்றுக்கும் ஆட்களுக்கும் பழக்குவேன். பிறகு வீடு பார்த்துக் கொடுப்பேன். பூனைகளை எங்கட முஸ்லிம் ஆட்கள் எடுப்பார்கள். நாய்கள் பெரும்பாலும் தமிழ் வயல்காரர்களுக்குப் போகும்.

இந்தச் செவலை நாய்க்குட்டி பாலமுனை ரோட்டில் கிடந்தது. முதுகில் பழைய கடி ஒன்று. ஆறின கடிதானே என்று விட்டேன். தடுப்பூசி போடுவித்தேன். அதற்குப் பிறகும் நாள் எடுத்து வைத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம். சொறிக்கல்முனையில் தவராசாவின் வயலில் கதிர் முற்றுகிற நேரம். காவலுக்கு நாய் வேண்டும் என்று அவசரப்பட்டார். என்னைக் காக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"காட்டுப் பண்டி வந்து வயல உழுதிட்டுப் போகுது காக்கா. நீங்க அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தது போதும். தாங்க."

கொடுத்துவிட்டேன்.

கொடுக்க முதல் குளிப்பாட்டினேன். பெருவிரலில் மீன்முள் கிழித்த வெட்டு இருந்தது. குட்டி அதை நக்கியது. நாய் எச்சில் பட்டால் நாங்கள் ஏழு தரம் கழுவுவோம். அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அப்படியே கழுவினேன். தொழுதேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் தவராசா போன் எடுத்து என்னைக் கூப்பிட்டார்.

"சோறு வைக்கப் போனன் காக்கா. உங்கட புள்ள கையக் கவ்விப் போட்டுது. ரெத்தம் கொஞ்சம்."

"புது இடம், பயந்திருக்கும். நான் கழுவின மாதிரி ஏழு தரம் கழுவுங்க, ஒரு தரம் மண்ணால. ஒண்டும் செய்யாது."

"ஊசிக்குப் போகவா?"

"ஊசி போட்ட நாய்தானே."

அந்த மூன்று சொல்லைத் திரும்ப எடுக்க ஏலாது.

மூன்றாம் நாள் குட்டியின் தாடை தொங்கியது. வாயால் நீர் ஒழுகியது. மறுநாள் செத்தது. தலையை எடுத்துப் பரிசோதித்தார்கள். விசர்நாய்க்கடி நோய் (மூளையைத் தாக்கும் கிருமி நோய், மனிதனுக்கு அறிகுறி தொடங்கினால் அநேகமாக உயிர் மிஞ்சாது).

அன்றைக்கே இருவரும் ஆசுபத்திரிக்குப் போனோம். டொக்டர் முதலில் தவராசாவின் காயத்தை அமத்திப் பார்த்தார்.

"கழுவினது சரி. சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில, கால் மணித்தியாலம் கழுவோணும். காயத்தில மண் படப்படாது. பிறகு நேரா இங்க வரோணும். ஏன் வரல்ல?"

தவராசா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான்தான் சொன்னேன்.

"நாய்க்கு ஊசி போட்டது டொக்டர்."

"அதுக்கு முதலே கிருமி உள்ள இருந்திருக்கும். இவருக்குப் பிந்திட்டுது. அறிகுறி இன்னும் இல்ல. போடுவம்."

இருவருக்கும் எதிர்ப்பு மருந்து (கிருமியை உடனே தடுக்கும் மருந்து) காயத்தைச் சுற்றி ஏற்றினார்கள். தடுப்பூசியும் தொடங்கியது. தவராசா பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

வீட்டில் என் மனைவி றமீசா ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க கழுவினது தொழுகைக்கு. நோய்க்கு ஆரு கழுவினது?"



பிறகு காத்திருப்பு. அறிகுறி மாதங்கள் கழித்தும் வரலாம். விரல் கூசினால் தழும்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீர்வெறுப்பு (தண்ணீர் விழுங்கப் போனால் தொண்டை இறுகுவது) வருகிறதா என்று ஒவ்வொரு மிடறிலும் பார்த்தேன். வளவில் நாலு பூனைக்குட்டிகள் வீடு கிடைக்கக் காத்திருந்தன. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

எனக்கு வந்தால் என் பிழை. அவருக்கு வந்தாலும் என் பிழை. இரண்டாவதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் அவருக்குப் போன் எடுப்பேன்.

"தேத்தண்ணி குடிச்சீங்களா?"

"ஓம்."

வைத்துவிடுவேன். கொஞ்ச நாள் போக அவர் சொன்னார்:

"என்ர பொண்டாட்டி கூட இவ்வளவு தரம் தேத்தண்ணி கேட்டதில்ல. நேராக் கேளுங்க காக்கா."

"என்னத்த?"

"விசர் பிடிச்சிட்டுதா எண்டு."

அவர் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துத் தேத்தண்ணியை மடக்கென்று விழுங்கினார்.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"நாளைக்கும் எடுங்க."

கடித்தாலும், காயத்தில் நக்கினாலும் அன்றைக்கே போங்கள். ஆரும் வேண்டாம் என்றால் கேட்காதீர்கள். நான் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஊசிகள் முடிந்தன. அவர் வயலும் வெட்டி முடிந்தது. இனிப் பயம் குறைவு என்கிறார் டொக்டர். என் உடம்பு அதை நம்பவில்லை. எனக்குத் தொண்டை என்று ஒன்று இருப்பது முன்பு தெரியாது. இப்போது எச்சில் இறங்குவதும் தெரிகிறது. சுபஹுத் தொழுகைக்கு எழும்புகிறேன். வெளிச்சம் வருகிறது. ஆனாலும் நாள் தொடங்குவதில்லை. போனில் அவர் விழுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் என் கோப்பையைத் தொடுகிறேன்.