இரண்டு பேர் சுமை

இன்று ஓசூர் கம்பெனியில் பழுதான மோட்டாரை இரும்புக் குழாயில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் பின்னவருக்கு, “பள்ளம்!” என்று குரல் கொடுத்தார்.

அப்பாவின் குரல் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. தேன்கனிக்கோட்டைக் காட்டில் அப்பா அடித்த காட்டுப்பன்றி மூங்கில் கழியில் தொங்கியது. திருட்டு வேட்டை, ஊரில் யாரையும் கூப்பிட முடியாது. ஏழு மாதக் கர்ப்பத்தோடு அம்மாதான் பின்னால் தோள் கொடுத்தாள்.

“கல்லு இருக்குது, பாத்து வா,” என்றார் அப்பா.

“நீங்க நடங்க, வர்றேன்.”

மலைச்சரிவு முடியும்வரை அப்பா ஒரு கல்லையும் சொல்லாமல் விடவில்லை.

அன்று சாயங்காலமே பிறந்த தம்பி அழவே இல்லை. அவனைத் துண்டில் சுற்றி அப்பா தனியாகத் தூக்கிப் போனார். பின்னால் யாருமில்லை. ஆனாலும் வாசல் தாண்டும்போது, “கல்லு இருக்குது” என்றார்.