பைல் நாட்டுப் பாவாயியும் அவர் தேர்ந்தெடுத்த துப்பாக்கியும்

காளப்பநாயக்கன்பட்டியில் என் மிளகு மண்டியைத் திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து மூட்டையோடு வந்தவர் சுமையை இறக்குவதற்கு முன்பே சொன்னார்: "ஏனுங்க, பாவாயி போயிட்டாங்க. காய்ச்சலுங்க. நேத்துப் பொதைச்சாச்சு."

சாம்பிராணியைக் கீழே வைத்தேன். அதற்குள் மண்டியில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், "பொம்பளை துப்பாக்கி தூக்குனா இப்படித்தான். மானைச் சுட்ட பாவம் சும்மா உடுமா?" என்றார். மூட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அந்த மனிதரை எழுந்து போகச் சொன்னேன். அது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். பாவாயியை அறிந்தவர்கள் மலைமேலும் அடிவாரத்திலும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்வதில் பிசகு இருந்தால் திருத்துங்கள். பாவம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாவாயிக்கும் அவர் கணவர் சடையனுக்கும் மலைமேல் பைல் நாட்டில் ஒரு சரிவு நிலம். மேலே பலா மரங்களும் மிளகுக் கொடியும், கீழே சாமை. அதற்கும் கீழே சர்க்கார் காடு. சாமை பால்பிடிக்கும் பருவத்தில் காட்டிலிருந்து கடமான்கள் ஏறிவரும். ஒரு கூட்டம் ஒரு முறை புகுந்தால் தின்றது பாதி, மிதித்தது மீதி. சடையனிடம் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டிக் குச்சியால் கெட்டிக்கிற ரகம். ஒரு விடியற்காலையில் ஏற்கெனவே மருந்து போட்டதை மறந்து மறுபடியும் போட்டுவிட்டார். சுட்டபோது குழல் வெடித்தது. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் போய்விட்டன. அந்த வருஷம் சாமையும் போயிற்று.

காயம் ஆறியதும் இருவரும் என் மண்டிக்கு வந்தார்கள். எனக்கும் பாவாயிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். "எனக்கு ஒரு நல்ல துப்பாக்கி வேணுமுங்கண்ணா. சேலத்துக்குக் கூட வாங்க" என்றார். நான் சடையனைப் பார்த்தேன். "என்னைய எதுக்குப் பாக்கறீங்க? சுடப்போறது அவ" என்றார் சடையன், துணி சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் லைசென்ஸ். அதைக் கொடுக்கும் சர்க்கார் ஆபீசில் இருந்த குமாஸ்தா, பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு, புருஷன் பேரில் கேள் என்றார். பாவாயி கணவரின் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தார். "இந்தக் கைக்குக் குடுத்தா யாருங்க சுடறது? நீங்க வந்து காவல் இருப்பீங்களா?" குமாஸ்தா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்று ஒன்றும் நடக்கவில்லை. அடுத்தடுத்துப் போனோம். நான் வராத நாளிலும் அவர் மலையிலிருந்து இறங்கிப் போய் அந்த ஆபீஸ் வராந்தாவில் நின்றார். கடைசியில் அவர் பேரிலேயே, பயிர்க்காவலுக்கென்று, லைசென்ஸ் கிடைத்தது. அதைக் கொடுத்தது இரக்கத்தினால் என்று அந்தக் குமாஸ்தா பிற்பாடு சொல்லிக்கொண்டாராம். அவர் சொல்லட்டும். அந்த வராந்தாவில் நின்றது யாருடைய கால் என்று எனக்குத் தெரியும்.

சேலத்துத் துப்பாக்கிக் கடைக்காரர் நல்ல மனிதர். முதலில் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். விலை சல்லிசாக இருந்ததால் அதையே வாங்கிவிடலாம் என்றேன். பாவாயி என் பக்கம் திரும்பினார். "நீங்க மெளகு வாங்கறப்ப வெலையப் பாப்பீங்களா, கல்லு இருக்குதான்னு பாப்பீங்களாண்ணா?" கடைக்காரர் சிரித்துவிட்டு, அது பக்கத்தில் வரும் பன்றிக்குச் சரி, எட்டி நிற்கும் கடமானுக்கு ரைபிள்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அடுத்து ஒரு சீமை ரைபிளைக் காட்டினார். கட்டையில் பூவேலை, குழலில் வெள்ளிப் பட்டை. பாவாயி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "இதுக்குத் தோட்டா எங்கீங்க கெடைக்கும்?" என்று கேட்டார். கப்பலில் வரவேண்டும் என்றார் கடைக்காரர். "கப்பல் வார வரைக்கும் கடமான் காத்திருக்குமுங்களா?"

மூன்றாவதாக வந்தது, சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத்துரை விற்றுவிட்டுப் போன பழைய ரைபிள். கட்டையில் கீறல், வாரில் விரிசல். ஆனால் குழல் உள்ளே பளிங்கு மாதிரி இருந்தது. இதற்கான தோட்டா சேலத்திலேயே கிடைக்கும் என்றும், பட்டாளத்துத் தோட்டா போடும் ரகமில்லை, ஆகவே சர்க்கார் தடை கிடையாது என்றும் கடைக்காரர் விளக்கினார். அதன் போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்துக் காட்டினார். கதவின் தாழ்ப்பாளைப் போலவே அது நகர்ந்தது. உள்ளே அறை திறந்து, தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பாவாயி அதை வாங்கி ஒருமுறை இழுத்தார். பிறகு சடையனிடம் கொடுத்தார். சடையன் கட்டையைத் தொடையில் அணைத்துக்கொண்டு இடது கையால் இழுத்து, திறந்த அறைக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள இருக்கறது தெரியுது புள்ளே" என்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "அப்ப இதான்" என்றார் பாவாயி.

"அம்மா, இது தோளில் உதைக்கும்" என்று கடைக்காரர் எச்சரித்தார். "எங்கூட்டு மாடு ஒதைக்காத ஒதையாங்க?" என்றார் பாவாயி. பிறகு அவரே கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "குறி தப்பிப் போனா இந்தக் குண்டு எதுவரைக்கும் போகுமுங்க?" கூப்பிடு தூரத்துக்கு அப்பாலும் போகும், ஆளைக் கொல்லும் என்றார் கடைக்காரர். பாவாயி தலையாட்டினார். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் அவர் ஒருபோதும் சுட்டதில்லை. எதிர்ச்சரிவில் குடிசைகள் இருந்ததால், எத்தனையோ மான்களைக் கொட்டு அடித்து விரட்டியதோடு விட்டிருக்கிறார். ஒரு வருஷத்து மிளகும் ஒரு காளைக் கன்றும் அந்த ரைபிளாக மாறின. கட்டை நீளமாக இருந்ததால் எங்கள் ஊர் ஆசாரியிடம் கொடுத்துத் தன் தோளுக்கு ஏற்றபடி அறுத்துக்கொண்டார்.

பிறவியிலேயே குறிக்காரி என்று சிலர் இப்போது கதை கட்டுகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. முதல் தோட்டா பலா மரத்தில் பட்டது. "மான் பொழைச்சுது, பலாக்காய் செத்துது" என்று சடையன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பாவாயியும் சிரித்தார். தோளில் ரத்தம் கட்டி நீலமாகிக் கிடந்ததை மட்டும் வீங்கும்வரை யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பேருமாகப் பரண்மேல் உட்காருவார்கள். சடையன் கண் பார்த்துச் சொல்லும், பாவாயி கை சுடும். குட்டியோடு வந்த பெட்டைமானைச் சுடவே மாட்டார். ஒருமுறை அப்படி ஒன்று கண்ணெதிரே சாமையை மேய்ந்தபோது கல்லெறிந்து துரத்தினாராம். ஏன் என்று கேட்டேன். "பாவம் எனக்கும் தெரியுமுங்கண்ணா. பசியும் தெரியும். ரெண்டையும் தெரிஞ்சுதான் சுடறேன்" என்றார். மண்டியில் பேசிய அந்த மனிதருக்காக இதை எழுதி வைக்கிறேன்.

இனி, மலைமேல் இருக்கும் செம்மேட்டில் நடந்த விஷயம். அன்று நான் மிளகு விலை பேச மலைக்குப் போயிருந்தேன், கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பருவத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை செம்மேட்டில் முகாம் போட்டு வேட்டையாடிக்கொண்டிருந்தார். அவருக்கு மான் அகப்படவில்லை. அந்தச் சமயத்தில்தான் பாவாயியின் சாமைக் கொல்லையில் இளம் ஆண் கடமான் ஒன்று அவர் குண்டுக்கு விழுந்தது. வெடிச்சத்தம் கேட்டுக் காட்டிலாகா கார்டு வந்தார். மானை சர்க்கார் ரிசர்வ் காட்டில் சுட்டு இழுத்துவந்திருக்கிறாய், துப்பாக்கியைக் கொடு என்றார். விழுந்த இடத்தில் ரத்தம் இருந்தது. அதை அவர் பார்க்க விரும்பவில்லை.

பாவாயி சண்டை போடவில்லை. போல்ட்டை இழுத்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, போல்ட்டையே கழற்றிப் புடவை மடியில் முடிந்துகொண்டார். அது இல்லாமல் சுட முடியாத மிச்சத்தை நீட்டினார். "துப்பாக்கியக் கொண்டு போங்க. தாழ்ப்பாளு எங்கிட்ட இருக்கும். பெரிய ஆபீசர் கேட்டா அவரு கையில குடுக்கறேன்." கார்டு மிரட்டினார், ஏசினார். மடியில் கை வைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. சுற்றிலும் ஊரே நின்றது.

கார்டு துப்பாக்கியோடு போனதும் பாவாயி, கறி வாங்கக் கத்தியோடு வந்திருந்தவர்களைப் பார்த்து, "யாரும் அறுக்கக் கூடாது. இப்படியே செம்மேட்டுக்குத் தூக்குங்க" என்றார். முனகினார்கள். வெகுநாள் கறி காணாத வீடுகள் அவை. ஆனாலும் தூக்கினார்கள். உச்சி வெயிலில், மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, ஏற்றமும் இறக்கமுமாக அத்தனை தூரம் அந்தக் கனத்தைச் சுமந்தார்கள். சடையன் முன்னால் நடந்தார்.

செம்மேட்டில் காட்டிலாகா ஆபீசர் துரையோடு உட்கார்ந்திருந்தார். மானைக் கொண்டுபோய் ஆபீசர் காலடியில் போட்டோம். கார்டு தன் கதையைச் சொன்னார். ஆபீசர், "என்னம்மா சொல்றே?" என்றார்.

"நான் சொல்றது எதுக்குங்க? வயித்தைக் கிழிச்சுப் பாருங்க. காட்டுத் தழையா, எஞ்சாமையான்னு அதே சொல்லும்."

துரை என்ன என்று இங்கிலீஷில் கேட்டார். ஆபீசர் சொன்னார். துரை கால்மேல் போட்டிருந்த காலை எடுத்துக்கொண்டார். ஆபீசர் கையசைக்க, சுமந்து வந்தவர்களில் ஒருவர் வயிற்றைக் கிழித்தார். பச்சைச் சாமைக் கதிர், மெல்லாமல் விழுங்கியது, கொத்துக் கொத்தாகச் சரிந்து விழுந்தது. எங்களில் யாரோ அழுதுவிட்டார்கள். அது ஒரு குடும்பத்தின் கஞ்சி.

ஆபீசர் குனிந்து ஒரு கதிரை எடுத்துப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைக் கொடுக்கும்படி கார்டிடம் சொன்னார். பாவாயி மடியை அவிழ்த்து, போல்ட்டை அதன் இடத்தில் செருகி, ஒருமுறை இழுத்து அறையைத் திறந்து காட்டினார். "காலிங்க. பாத்துக்குங்க."

"இனிமேல் பார்த்து நடந்துக்கணும்" என்றார் ஆபீசர், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"மறுக்காவும் எங்கொல்லைக்கு வந்தா, மறுக்காவும் தூக்கிக்கிட்டு வாரேனுங்க."

கறி வெயிலில் கெட்டுப்போயிருந்தது. திரும்பும் வழியில் சிலருக்கு அதில் வருத்தம். அவர்கள் கோபத்தைப் பாவாயி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "கறி போச்சு சாமி, கொல்லை இருக்குதில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு எந்தக் கார்டும் அந்தச் சரிவில் ஏறிவந்து கேட்டதில்லை.

சேதி கேட்ட மறுநாள் மலையேறிப் போனேன். சடையன் வாசலில் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ்காரர் செத்துவிட்டதால் ரைபிளை ஒப்படைக்க வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சாமை பால்பிடிக்கிற பருவம். மகள் செல்லி சொன்னாள்: "ஒப்படைக்கறேனுங்க. அன்னைக்கே எம் பேருல லைசென்ஸ் கேப்பேன். நீங்க கூட வாரீங்களா மாமா?" வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் போகிறோம். அதே வராந்தா. பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். கேட்கட்டும்.

செம்மேட்டில் அன்று ஆபீசரைக் கண்டதும் எங்கள் வழக்கப்படி நானும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். கூட்டம் கலைந்து வெகுதூரம் வந்த பிறகும் அது இடுப்பிலேயே இருந்தது. பாவாயி ரைபிளைத் தோளில் மாட்டியபடி என் பக்கத்தில் வந்தார். "துண்டை எடுத்துத் தோள்ல போடுங்கண்ணா. நாம என்ன களவாண்டுட்டா வந்தோம்?" என்றார்.

போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து இன்றுவரை எந்த ஆபீசிலும், எவர் முன்னாலும் அதை நான் இறக்கியதில்லை. பாவாயி எனக்கு விட்டுப்போனது அதுதான். அடுத்த வாரம் அந்த வராந்தாவில் செல்லியின் பக்கத்தில் நிற்கும்போதும் துண்டு என் தோளில்தான் கிடக்கும்.