பத்து மணி நாற்பது நிமிடம்

என் அப்பா கொளஞ்சி முப்பத்தோரு வருடம் புதுச்சேரியிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு டாக்சி ஓட்டினார். ஒருமுறையும் விமானம் ஏறியதில்லை. சவாரிகளில் பாதி பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் குடும்பங்கள். அந்த வீடுகளில் யாருக்காவது உடம்பு மோசமானால், பிரான்சிலிருக்கும் பிள்ளை எத்தனை மணிக்கு வாசலுக்கு வரும் என்று அவரைத்தான் கேட்பார்கள். அவர் சொன்ன நேரம் அரை மணிக்கு மேல் பிசகாது.

அந்தப் பென்ஷன்காரர்களில் ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த எதுவார் என்ற பெரியவர், அவரைச் சீண்டுவார். அப்பா அவரை ‘மிசியே’, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

“ஏம்ப்பா, ஏரோப்ளேன அண்ணாந்து பாத்தவன் நீ. பாரீசு கணக்க எனக்கே சொல்றியா?”

“ஏறுனதும் நீங்க தூங்கிடுறீங்க மிசியே. வெளிய நிக்கிறவனுக்குத்தான் நேரம் தெரியும்.”

டிக்கெட் கிடைப்பது, மாறும் ஊரில் காத்திருப்பது, பெட்டி வருவது, திண்டிவனத்து நெரிசல். பறக்கும் நேரத்தை இவற்றுக்குப் பிறகுதான் கூட்டுவார்.

நான் பிரான்சின் துலூஸ் நகரில் விமான இறக்கைகளின் உறுதியைக் கணக்கிடுகிறேன். போன ஜூனில் ஒரு நாள் மாலை நாலரைக்கு அம்மா கூப்பிட்டார். ஊரில் அப்போது இரவு எட்டு.

“குழலி, அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஐசியூல வச்சிருக்காங்க. நீ எப்ப வருவேன்னே கேக்குறாரு.”

கைபேசியில் தேடினேன். துலூஸ், சென்னை: எட்டாயிரத்து நூறு கிலோமீட்டர், பத்து மணி நாற்பது நிமிடம். நேராகப் பறந்தால் ஆகும் நேரம் அது. அப்படி ஒரு விமானம் கிடையாது. எனக்கு அது தெரியும். ஆனாலும் அதோடு ஏறவும் இறங்கி வரவும் ஏழு மணி நேரம் கூட்டி, “நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துடுவேம்மா” என்றேன்.

டிக்கெட் எடுத்தபோது, வீடு சேர இரவு ஒன்பதாகும் என்று தெரிந்தது. திருத்திச் சொல்லவில்லை. தாமதம் என்று கேட்டால் அவர் தளர்ந்துவிடுவார் என்று பயந்தேன்.

மறுநாள், ஊரில் மணி இரண்டு இருபத்தைந்தாக இருந்தபோது நான் அரபிக்கடலுக்கு மேலே இருந்தேன். திரையில் இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர்.

சென்னையில் அப்பாவின் சிநேகிதர் வெற்றிவேல், அப்பாவின் வண்டியோடு நின்றிருந்தார். “ஏறு பாப்பா. தண்ணி குடி” என்றார். அவசரமில்லாமல் ஓட்டினார். அதிலேயே தெரிந்துவிட்டது.

அம்மா அழாமல் சொன்னார்:

“ஒன்னரைக்கே தலமாட்ட ஒசத்தச் சொன்னாரு. கதவு தெரியணுமாம். நர்சு ஊசியோட வந்துது. ‘வேணாம்மா, தூங்கிடுவேன், பாப்பா ரெண்டுக்கு வருது’ன்னாரு. ரெண்டேகால் ஆச்சு. ‘பிளைட்டு லேட்டா இருக்கும். அவ கணக்கு தப்பாது’ன்னாரு. அதுக்கப்புறம் பேசல. ரெண்டு இருபத்தஞ்சுக்குப் போயிட்டாரு.”

இரண்டு மணிக்கு வரமுடியாது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தும் விழித்திருந்தார். ஒன்பது என்று சொல்லியிருந்தால், அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு தூங்கியிருப்பாரோ?

துலூஸில் இப்போதும் காலை பத்து ஐம்பத்தைந்துக்கு, அன்று ஊரில் இரண்டு இருபத்தைந்தாக இருந்த அந்த நேரத்துக்கு, என் கை நின்றுவிடுகிறது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்தும் கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்தை நான் அங்கே இருந்து கேட்டதே இல்லை.