ரோட்டைப் பார்த்த அடுப்படி

கட்டடக் கலை படித்தபோது, வீடு கட்ட வருகிறவர்களிடம் முதலில் அவர்களுடைய கனவைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். திருப்பூரில் அலுவலகம் திறந்த முதல் வாரமே கேட்டேன். எதிரே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்க, மொதல்ல சாம்பிள் காட்டுங்க" என்றார். அன்றிலிருந்து நானும் ஒரு பனியன் கம்பெனிதான். வரைபடத்தை நீட்டுவேன், குறை சொல்வார்கள், திருத்துவேன், மறுபடியும் குறை சொல்வார்கள். நான்காவது சாம்பிளில்தான் பெரும்பாலும் ஓகே ஆகும். ஒருவர், துணி துவைத்தால் சுருங்குமே, அதுபோலச் சுவருக்கு ஷ்ரிங்கேஜ் எத்தனை சதவீதம் என்றுகூடக் கேட்டார். நானும் கணக்குப் போடுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

மண்ணரையில் தையல் யூனிட் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று வந்தது. கணவர், மனைவி, கணவரின் அப்பா. திருமுருகன்பூண்டிப் பக்கம் இடம் வாங்கியிருந்தார்கள். பெரியவர்தான் பேசினார். வருடத்துக்கு ஒருமுறை ஜெர்மனியிலிருந்து, துணி வாங்கும் பையர் வருவார். அவர் அசந்துபோகும்படி முன்பக்கம் முழுக்க இரண்டு மாடி உயரத்துக்கு ஹால் வேண்டும். மகன் தலையாட்டினார். மருமகளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் தலையாட்டினேன். கல்லூரியில் சொல்லித் தராமலே எனக்கு நன்றாக வரும் வேலை அது.

மருமகளான அந்த அம்மா யூனிட்டில் செக்கிங் பார்க்கிறவர். தைத்து வரும் துணியில் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. வரைபடத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மூன்று நாளில் அம்மை போட்டதுபோலத் திரும்பி வந்தது. பதினேழு அம்புகள். குளியலறைக் கதவைத் திறந்தால் பீரோவில் இடிக்கும். துவைத்த துணியைக் காயப்போட சாமி அறை வழியாகப் போக வேண்டும். ஒன்றுகூடப் பொய்யில்லை. ஐந்து வருடப் படிப்பைச் சுருட்டி வைத்துவிட்டுப் பதினாறை அன்றே திருத்தினேன். பதினேழாவது, சமையலறை மேல் இருந்தது. அதில் என்ன குறை என்று மட்டும் புரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. அஸ்திவாரம் தோண்டும் முன் இடத்தில் குச்சி நட்டு, கட்டிங் வேஸ்ட் துணியை நாடாவாகக் கிழித்துக் கட்டி, வீட்டை முழு அளவில் போட்டுக் காட்டுவோம். குடும்பம் அதற்குள் நடந்து பார்க்கும். அன்று பெரியவர் ஹாலில் நின்று, இல்லாத மேல்கூரையை அண்ணாந்து ரசித்தார். மருமகள் நேரே பின்பக்கம் போய், அடுப்பு வரும் இடத்தில் நின்றார்.

"சார், இங்க வந்து நில்லுங்க. என்னுங்க தெரியுது?"

நாலடி தள்ளிப் பக்கத்துக் குடோன் நின்றது. "சுவருங்க" என்றேன்.

"அதுக்குத்தான் அம்பு ஒட்டுனனுங்க. அடுப்படி முன்னால வரோணும். ரோடு தெரியோணும்."

பெரியவர் ஹாலிலிருந்தே திரும்பினார். "ரோட்டுல போறவனெல்லாம் இன்னிக்கு என்ன கொழம்புன்னு எட்டிப் பாக்கட்டுமா அம்மிணி?"

"பாக்கட்டுமுங்க மாமா. நல்லாத்தானுங்க வெக்கறேன்."

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அப்ப பையரு வந்தா?" பெரியவர் விடவில்லை.

"பையரு வருசத்துக்கு ரெண்டு மணி நேரம் உக்கோருவாரு. நான் தெனமும் நிக்கறனுங்க. கம்பெனில டியூப் லைட்டுக்கு அடியில குனிஞ்சே இருவது வருசம் போச்சு. ஊட்டுலயும் சுவத்தப் பாத்துட்டே நிக்கோணுமுங்களா?"

வழக்கம்போல நான் நடுவில் புகுந்தேன். "பின்னாடியே வெச்சு, பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனாப் போட்டா..."

"ஏனுங்க சார், ஃபேன் ஓட்டைல கண்ண வெச்சா ரோட்டப் பாக்கறது?"

பெரியவர் என் பக்கம் வந்தார். "தம்பி, படத்த மாத்தாதீங்க. மாத்தறதா இருந்தா வேற ஆளப் பாத்துக்கறோம்."

நான் வீரனில்லை. எலக்ட்ரீஷியன் அதட்டினாலே சுவிட்ச் போர்டை இடம் மாற்றிக் கொடுக்கிறவன். அப்போது கையில் இருந்த ஒரே பெரிய வேலையும் அதுதான். ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த மூலையை வரைந்தபோது அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, மிக்ஸி எங்கே என்றெல்லாம் யோசித்தவன், அங்கே ஓர் ஆள் நிற்பார் என்று யோசிக்கவில்லை.

"பாத்துக்கங்க" என்றேன். "இந்த எடத்துல அடுப்படிய நான் வரையமாட்டனுங்க." பாதியில் குரல் கீச்சென்று போனது. ஆனாலும் வாக்கியத்தை முடித்துவிட்டேன்.

அந்த அம்மா குனிந்து சமையலறை நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். கணவர் அப்பாவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு போய் மறுமுனையைப் பிடித்தார். இரண்டு பேருமாகச் சமையலறையைத் தூக்கிக்கொண்டு வந்து, பையர் உட்கார வேண்டிய இடத்தில் கட்டினார்கள்.

"அப்பறம் பையரு எங்கதான் உக்கோருவான்?"

"அடுப்படிக்குப் பக்கத்துலயே உக்கோரட்டுமுங்க மாமா. காப்பி ஆறாம வரும்."

பெரியவர் போய்க் காரில் உட்கார்ந்து கதவை ஓங்கிச் சாத்தினார். ஆனால் வேறு யாரையும் தேடிப் போகவில்லை.

வீடு எழும்பிவிட்டது. ரோட்டைப் பார்த்து ஆறடி அகலத்துக்கு ஜன்னல். தாளிக்கிற வாசனை பஸ் ஸ்டாப் வரை போகிறது. அந்தத் தெருவிலிருந்து இன்னொருவரும் என்னிடம் வீடு கேட்டு வரவில்லை. எங்கள் தொழில்காரர் ஒருவர், பத்துப் பேர் இருந்த கூட்டத்தில், வீட்டு முகப்பின் அழகான எலிவேஷனை அடுப்படி வைத்துக் கெடுத்துவிட்டேன் என்றார். கெடுத்தேன்தான், மறுபடியும் கெடுப்பேன் என்றேன். அந்த ஜன்னலுக்கு உள்ளே, அடுப்புக்கு முன்னால், ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சொல்லுங்கள் என்றும் கூப்பிட்டிருக்கிறேன். தோசை வார்க்கிற நேரமாகப் பார்த்துப் போனால் அவருக்கும் ஒன்று கிடைக்கும்.