மூன்றுக்கு இரண்டு

என் கணவர் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவரே நம்பினாரா என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

அவர் ஹெவிவெயிட் ஆனதே ஒரு கல்யாணச் சாப்பாட்டால்தான். மாநிலப் போட்டிக்கு முந்தின நாள் டாலிகஞ்சில் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்தில் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டிருக்கிறார். மறுநாள் எடை பார்த்தபோது அவர் பிரிவைத் தாண்டி முள் போய்விட்டது. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டு பெயரை ஹெவிவெயிட்டில் சேர்த்தார். கல்கத்தாவில் அந்த எடைக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. இவரோடு சேர்த்து வந்ததே மூன்று பேர்தான். சீட்டுக் குலுக்கியதில் இவர் நேராக இறுதிச் சுற்றுக்குப் போனார்.

எதிரே நின்றவர் பாலிகஞ்ச்சைச் சேர்ந்த வங்காளி, இவரைவிட ஒரு சாண் உயரம். ஐந்து நடுவர்களில் ஒருவர் ஏதோ ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டு வரவில்லை. அந்த வருஷங்களில் ஊர்வலம் இல்லாத நாள் ஏது? பார்வையாளர் வரிசையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய நடுவரைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்பு வந்தது. ரெஃபரி இவர் கையைத் தூக்கினார்.

அதனால்தான் ஒரு ஆபீஸில் விளையாட்டுக்காரர்களுக்கென்று காலியாக இருந்த ஒரே நிரந்தர வேலை இவருக்குக் கிடைத்தது. வங்கி அதிகாரியான என் அப்பா, "அடிதடிக்காரன்தான், ஆனா பெர்மனென்ட்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொடுத்தார். ஆக, என் கல்யாணமும் மூன்றுக்கு இரண்டுதான்.

தோற்றவருக்கு மறுபடி வாய்ப்பே வரவில்லை. அடுத்த வருஷம் ஊரில் கலவரம், போட்டி நடக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பிறகு அலிப்பூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். அந்தப் பெரிய விரல்களை வைத்துக்கொண்டு எப்படித்தான் டைப் அடித்தாரோ!

துர்கை சிலையைக் கரைத்த மறுநாளிலிருந்து வங்காளிகள் வீடு வீடாகப் போய், பெரியவர்கள் காலைத் தொட்டு, ஒத்த வயதுக்காரர்களைக் கட்டித் தழுவி, இனிப்புச் சாப்பிடுவார்கள். பிஜயா என்பார்கள். இவரிடம் தோற்று, பிறகு இவருக்கு நண்பராகிவிட்ட அவர், அதற்கு ஒரு வருஷமும் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு மலைகளும் கட்டிக்கொள்ளும்போது எனக்கு என் காபி டேபிளைப் பற்றித்தான் கவலை. நான் கொலுச் சுண்டலையும் நாரு என்கிற வங்காளத் தேங்காய் உருண்டையையும் வைப்பேன். அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டே போவார். அவர் போனதும் என் வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். "அவன் ஜெயிச்சிருந்தா இந்த நாற்காலியில அவன்தானே உட்கார்ந்திருப்பான்?" என்பார். "இது எங்கப்பா வாங்கிக் கொடுத்த நாற்காலி" என்பேன் நான். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் சுருக்கென்றிருக்கும்.

உலகச் சாம்பியன்களின் சண்டைகளைப் பற்றிப் பேப்பரில் வந்தால் இன்னும் மோசம். ஒரே ஒரு நடுவர் மாற்றி எழுதியிருந்தால் இந்த மகாவீரனை யாருக்குத் தெரியும் என்று எனக்குப் படித்துக் காட்டுவார். குழம்பு அடிபிடிக்கிற நேரத்தில்தான் அவருக்கு இதெல்லாம் தோன்றும். யாராவது வந்து 'நீதான் ஜெயித்தாய்' என்று அடித்துச் சொன்னால் போதும், இந்த மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடுவார், எனக்கும் நிம்மதி என்று நினைப்பேன்.

ஒரு பிஜயாவுக்கு அந்த நண்பர் தன் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவரைப் பார்த்ததும் இவர் முகம் மாறியது. டீ குடித்துக்கொண்டிருந்தவரை நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அவரேதான்.

"உங்க மாமாவா?" என்றார் இவர்.

"அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. உனக்குத் தெரியாதா?" என்று நண்பர் சிரித்தார். "மாமா ஓட்டைச் சேர்த்தே எனக்கு ரெண்டுதான்ப்பா. அப்புறம் நான் எதுக்கு வருத்தப்படணும்? நீ நியாயமா ஜெயிச்சே. அண்ணி, இன்னும் ரெண்டு நாரு."

என் கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாரு எடுக்க எழுந்தேன்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். "நான் உனக்குப் போடல" என்றார் மருமகனிடம்.



"அக்கா மகனுக்குப் போட்டேன்னு ஊர் பேசும். அதனால இவருக்குப் போட்டேன்."

"அப்ப நான் ஜெயிச்சேனா மாமா?" என்றார் நண்பர். அவர் குரலில் சிரிப்பு இல்லை.

"தெரியாதுப்பா. உனக்குச் சாதகமா ஏதாவது தோணிடுமோன்னு பயந்து மூணு சுற்றும் நான் உன்னைப் பார்க்கவே இல்லை. இவரை மட்டும்தான் பார்த்தேன். இவர் நல்லாத்தான் அடிச்சார். நீ எப்படி அடிச்சேன்னு எனக்குத் தெரியாது."

நண்பர் கைகளை மடியில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிண்ணத்தோடு நின்றேன். யார்மேல் கோபப்படுவது என்றே எனக்குப் புரியவில்லை. பெரியவர் மேலா? ஊர் வாய்க்குப் பயந்து ஒழுங்காக நடந்துகொள்ளப் பார்த்தவர் அவர். மருமகனுக்கு நியாயம் கிடைக்கட்டும் என்று நினைத்தால், என் வீடு, என் பிள்ளைகள், எதிரே திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கிற இந்த ஆள், எல்லாவற்றையுமே நான் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதை நினைத்ததும் பயமாக இருந்தது. கிண்ணத்தை நண்பர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு நாருவை எடுத்தார், சாப்பிடவில்லை.

அவர்கள் போன பிறகு இவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார்.

"நீ சொல்லு. யார் ஜெயிச்சது?"

"நீங்கதான்" என்றேன்.

எதிராளியைப் பார்க்காமலே இவருக்கு ஓட்டுப் போட்டதில் நான் இரண்டாவது ஆள்.