அருவியடியில் அம்மா

டீச்சர் வேலையில் சேர நான் போன பேருந்தில், முன் இருக்கைப் பெரியவர் புகையிலையைக் கிள்ளினார். அந்த நெடி என்னை ஆறாம் வகுப்புக்குக் கொண்டுபோனது.

பேத்துப்பாறைக்கு அப்பால் காட்டருவி பார்க்கப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். பாதி வழியில் காலில் அட்டை ஏற, பிள்ளைகள் அலறினார்கள். திரும்பிவிடலாம் என்றார் டீச்சர். அப்போது எதிரே சுள்ளிக்கட்டோடு அம்மா வந்தாள். மடியிலிருந்த புகையிலையை நனைத்து எல்லார் காலிலும் தேய்த்தாள்; அட்டைகள் உதிர்ந்தன.

"இம்புட்டூண்டு அட்டைக்கா இந்தக் கத்து கத்துறீங்க? வெரசா வாங்க."

வீட்டில் முதன்முதலாகப் படிக்கப் போன எனக்குக் கௌரவக் குறைவாகிவிடும் என்று, என்னைத் தெரியாதவள்போலவே முன்னால் நடந்தாள்.

அருவியடியில் தோழி கேட்டாள்: "யாருடி அந்தம்மா?"

"எங்கம்மா!" அருவிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு மக தாயி நீ?" பேருந்தில் முன் இருக்கைப் பெரியவர் திரும்பிக் கேட்டார்.

"பேத்துப்பாறையில சுள்ளி பொறுக்குற பேச்சியம்மா மகதாங்க" என்றேன். பேருந்து முழுக்கக் கேட்டிருக்கும்.